லோக்கல் பேச்சாளர்

பட்டிமன்றம் பார்க்கிறவர்களுக்கு நடுவரைத் தெரியும். இரண்டு அணியிலும் யார் யார் இருந்தார்கள் என்பதும் ஓரளவு நினைவிருக்கும். லோக்கல் பேச்சாளர் என்று ஒருவர் பேசியது மட்டும் யாருக்கும் நினைவிருக்காது. அவர் பேசும்போது நீங்கள் உட்கார நாற்காலி தேடிக்கொண்டிருப்பீர்கள். அல்லது மின்விசிறிக்கு அடியில் இருக்கும் நாற்காலியில் யாரோ துண்டு போட்டு வைத்திருப்பதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அறியாதவர்களுக்காக அந்த வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நடுவரும் அவருடைய குழுவும் வெளியூரிலிருந்து வேனில் வந்து இறங்குவார்கள். பணம் போட்டு விழா நடத்துகிற ஊர்க்காரர்களுக்கு மனக்குறை வந்துவிடக் கூடாது. ஆகவே அந்த ஊரிலிருந்தோ பக்கத்து ஊரிலிருந்தோ ஒருவரைப் பிடித்து, எல்லாருக்கும் முன்னதாக, ஐந்து நிமிடம் பேச விடுவார்கள். ஒலிபெருக்கி சரியாக இருக்கிறதா என்பதைச் சோதிக்க அதைவிட மலிவான வழி கிடையாது. அவர் ஏதாவது ஓர் அணியின் பக்கம் நின்று பேச வேண்டும். ஆனால் அந்த அணியில் அவருக்கு இருக்கை கிடையாது. மேடையின் ஓரத்தில், குத்துவிளக்குக்கும் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் நடுவே, ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். குழுவினருக்குக் கவர் உண்டு. அவருக்குப் பெருமை உண்டு.

பள்ளியில் படித்த காலத்திலிருந்தே மேடையேறி வருகிறவள் நான். மூச்சை எங்கே நிறுத்த வேண்டும், கை எப்போது உயர வேண்டும், கைதட்டல் முழுவதும் அடங்கும் முன்பே அடுத்த வரியை ஏன் தொடங்கிவிட வேண்டும் என்பதையெல்லாம் முறையாகக் கற்றவள். போட்டிகளில் நான் தோற்ற கதைகள் மிகக் குறைவு. அவற்றையும் நடுவர்களின் காது செய்த பிழை என்றே இன்றுவரை கருதுகிறேன். இவ்வளவு இருந்தும், செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கே பட்டிமன்றம் நடந்தாலும் என்னை அழைப்பது அந்த ஓரத்து நாற்காலிக்குத்தான். மதுராந்தகத்தில் ஒரு பொங்கல் விழாவில் அறிவிப்பாளர் இப்படி முழங்கினார்:

“மொதல்ல நம்ம லோக்கல் பாப்பா ரெண்டு வார்த்த பேசும். அதுக்கப்புறம் பட்டிமன்றம் ஆரம்பிக்கும்!”

நான் பேசுவது பட்டிமன்றத்தில் சேராது என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதில்லை.

அன்று முதல் அந்தச் சொல்லை நான் உற்றுக் கவனிக்கத் தொடங்கினேன். நம் மக்கள் அதை ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக உடுத்திப் பார்க்கிறார்கள். ஓரிடத்தில் அது பட்டு, இன்னோரிடத்தில் கந்தல்.

என் அப்பா மின்வேலை செய்பவர். அணு ஆராய்ச்சி அலுவலர்களின் குடியிருப்புப் பக்கம், ஒப்பந்தக்காரர்களிடம் வேலை. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் புதியவருடைய கொட்டகை முன்னால் போய் நிற்பார்கள். நானும் ஒருமுறை சாப்பாடு கொண்டுபோய்க் கேட்டிருக்கிறேன்.

“நாங்க லோக்கலு சார். லோக்கல் ஆளுக்கு வேல குடுக்காம எங்கருந்தோ கூட்டியாந்தா, நாங்க இன்னாத்துக்குக் கீறோம்?”

என் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்யூர்ப் பக்கம் பிறர் நிலத்தில் நாற்று நட்டது, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கியது, சவுக்கு வெட்டியது. ஒரு சென்ட் நிலம் எங்கள் பெயரில் இருந்ததில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது மட்டும் அப்பா தாலுக்கா முழுவதற்கும் பட்டா வாங்கியவர் போல நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்.

மீன் கடைக்கு வாருங்கள். அங்கேயும் அந்தச் சொல்லுக்கு ராஜ மரியாதை. “இது லோக்கலு கண்ணு, காத்தால கரைக்கு வந்துது. அது ஐஸ் மீனு, எங்கேயோ புடிச்சுத் தூங்கவச்சு இட்டாந்தது” என்பார் மீன்காரம்மா. லோக்கல் வஞ்சிரத்துக்கு விலை ஏறும். லோக்கல் பேச்சாளருக்கு இறங்கும். நான் மீனாகப் பிறந்திருக்க வேண்டும்.

அதே தெருவில் கைப்பேசிக் கடைக்காரர் ஒரு சார்ஜரைக் காட்டி, “இது லோக்கல், ஒரு மாசம் வந்தா பெருசு” என்பார். அந்தச் சார்ஜர் கப்பலேறிக் கடல் கடந்து வந்தது. இந்த மாவட்டத்தில் அதற்கு உற்றாரும் இல்லை, உறவினரும் இல்லை. தரம் கெட்டது எதுவாயினும் அது எங்கள் ஊர்க்காரன் என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். சென்னைக் கடற்கரைக்குப் போகும் ரயிலுக்கும் அதே பெயர்தான். எல்லா ஊரிலும் நின்று எல்லாரையும் ஏற்றிக்கொள்கிற ஒரே வண்டி, விரைவு வண்டிக்கு வழிவிட்டு மறைமலைநகரில் ஒதுங்கி நிற்கும். தேர்த் திருவிழாவுக்கு ஆட்சியர் லோக்கல் ஹாலிடே விட்டால் மட்டும் அந்தச் சொல்லை எவரும் முகம் சுளித்துச் சொல்வதில்லை.

பிறகு எங்கள் மாவட்டத்திலேயே, படூரில் கல்லூரி. வகுப்பில் பாதிப் பேர் தமிழகத்தின் மற்ற மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அப்பாவோ அம்மாவோ ஐ.டி. அலுவலகத்தில் இருப்பார்கள். கேன்டீனில் ஒரு நாள், தட்டில் இருந்த ஏதோ ஒன்றைப் பார்த்து, “இன்னா இது?” என்று கேட்டுவிட்டேன். பக்கத்திலிருந்த கோயம்புத்தூர்த் தோழி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏய், லோக்கலாப் பேசாதடி. எல்லாரும் பாக்கறாங்க.”

“இந்த ஊர்ல பொறந்தவ வேற எப்படிப் பேசுவா?”

“அதில்ல, நீ மேடையில எவ்வளவு டீசன்ட்டாப் பேசற! அப்படியே பேசு.”

படூருக்கு அவள் வந்து ஒரு பருவம்கூட முடியவில்லை. அதற்குள் என் ஊரில் எனக்கே ஊர்க்காரியாக இருக்க உரிமை இல்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் சொல்லியபடி மேடைத் தமிழில் பேசினால் வேறொரு தொல்லை வரும். பேசி முடித்து இறங்கியதும் யாராவது ஒருவர் வந்து கைகுலுக்கி, “என்ன தமிழ்! திருநெல்வேலியா? மதுரையா?” என்று கேட்பார். செய்யூர் என்பேன். அவர் முகம் கொஞ்சம் வாடும். “அப்படியா? பாத்தா லோக்கல் மாதிரியே தெரியலையே” என்று, தேறுதல் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போவார். நல்ல தமிழ் பாலாற்றுக்கு வடக்கேயும் தெற்கேயும் எங்கள் மாவட்டத்தில் விளையாது என்று எவரோ வேளாண்மைத் துறையில் சொல்லி வைத்திருக்கிறார்கள் போலும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஓரத்து நாற்காலியிலிருந்து எழுந்து, குழுவின் வரிசையில் போய் உட்கார வேண்டும். அந்த வாய்ப்பு ஒரு கைப்பேசி அழைப்பாக வந்தது. செங்கல்பட்டில் ஒரு மண்டபத்தில் என் ஐந்து நிமிடத்தைக் கேட்டிருந்த நடுவர் ஒருவர் பேசினார். தென் மாவட்டக்காரர், ஊர் ஊராகக் குழுவோடு போகிறவர்.

“ஏம்மா, நம்ம டீம்ல ஒருத்தருக்குத் தொண்டை கட்டிருச்சு. சனிக்கெழம மாமல்லபுரத்துல புரோகிராம். வேன்ல ஏறிக்கிறியா? நல்லா வந்துச்சுன்னா உன்னைய நிரந்தரமாவே வச்சுக்கிருவோம்.”

செய்யூரிலிருந்து கடற்கரைச் சாலையைப் பிடித்தால் மாமல்லபுரம் நேர் வழி. நானோ எதிர்ப் பக்கமாகப் பேருந்து ஏறிச் செங்கல்பட்டு புறவழிச்சாலைக்குப் போய், வெயிலில் காத்திருந்து, தெற்கேயிருந்து வந்த அந்த வேனில் ஏறினேன். மாமல்லபுரத்துக்குப் போனால் போதாது; வேனிலிருந்து இறங்க வேண்டும்.

அணி பிரிப்பதெல்லாம் வேனில்தான் நடக்கும். இன்ன கொள்கைக்காக உயிரை விடுகிறேன் என்று மேடையில் தொண்டை கிழியக் கத்துகிறவர்களுக்கு அந்தக் கொள்கை திருக்கழுக்குன்றம் வளைவில்தான் தெரிய வரும். அன்றைய தலைப்பு, ‘நிம்மதி தருவது சொந்த ஊரா? வந்த ஊரா?’

“நீ சொந்த ஊர்” என்றார் நடுவர். “அப்புறம், ஒன்ன நெல்லைன்னு சொல்லிர்றேன்.”

“ஐயா, நான் செய்யூர்.”

“தெரியும்மா. கூப்புடு தூரத்துல இருக்கு. வெளியூர்ப் பேச்சாளர்கள்னு சொல்லித்தான் சங்கத்துக்காரங்கள்ட்ட பேசிருக்கேன். லோக்கல் ஆளக் கொண்டாந்து டீம்ல உக்கார வச்சா, ‘இதுக்கு எதுக்குய்யா ஒங்களக் கூப்ட்டோம்’னு கேப்பாங்க.”

“நான் நெல்லையைப் பார்த்ததே இல்லை.”

“இங்க யாரு பாத்துருக்கா? ஆறு இருக்கு, அல்வா இருக்கு. பொழுது போயிரும்.”

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். மேடைகளில் மதுரைத் தென்றல் என்று அறிமுகமாகிறவர் அவர். திரும்பும்போது தம்மைத் தாம்பரத்தில், வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும் என்று ஓட்டுநரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். நான் சரி என்று தலையாட்டினேன். இருக்கை வேண்டும் என்றால் ஊரை விட வேண்டும். கணக்கு எளிமையாகத்தான் இருந்தது.

மாமல்லபுரத்தில் கடைக்காரர் சங்கத்து ஆண்டு விழா. கற்சிலைக் கடை, சிப்பிக் கடை, சுற்றுலாப் பயணிகளுக்குத் தொப்பி விற்கிற கடை எல்லாவற்றையும் சாத்திவிட்டுக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கடற்காற்று பின்திரையைப் பாய்மரமாக்கிக்கொண்டிருந்தது. வேனிலிருந்து நான் இறங்கியபோது, மேடைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். பள்ளிப் போட்டிகளில் எனக்கு அடுத்த பரிசை வழக்கமாக வாங்கியவன். மாமல்லபுரத்துக்காரன், பயணிகளுக்குச் சிற்பங்களைச் சுற்றிக்காட்டுகிறவன். அன்றைக்கு அவன்தான் லோக்கல் பேச்சாளர்.

“ஏய், செய்யூரு! நீ இன்னா வேன்லருந்து எறங்குற?”

“டீம்ல கீறேன். மெதுவாப் பேசு.”

“டீமா? பெரிய ஆளாயிட்ட போ. அப்ப அந்த ஓரத்து நாற்காலி?”

“உனக்குத்தான்.”

“இன்னா மவராசி! தானம் பண்றியா?”

மேலே பேச நேரமில்லை. மேடையேறினோம். இரண்டு அணிகளும் அமர்ந்தன. எனக்கு வரிசையில் இடம். மெத்தை வைத்த நாற்காலி. நடுவர் எழுந்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். என் முறை வந்ததும் குரலை ஒரு படி உயர்த்தினார். “பொருநை நதி பாயும் பொன்னாடு! அந்த நெல்லைச் சீமையின் தமிழைக் கையில் ஏந்தி, நெடுந்தொலைவு கடந்து உங்களைக் காண வந்திருக்கும் இளம் சொற்புயல்!”

கைதட்டல் காதைப் பிளந்தது. என் அறிமுகத்துக்கு யாரும் அப்படி ஒரு நாளும் தட்டியதில்லை. என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வருவதற்கு முன்னால் தட்டியதே இல்லை. வேலை முடிந்து நேராக வண்டியில் வந்திருந்த அப்பா, கடைசி வரிசையில் நின்றபடி தாமும் தட்டினார். தட்டிவிட்டு, அந்த நெல்லைப் பெண் யார் என்று கழுத்தை நீட்டித் தேடினார்.

ஓரத்து நாற்காலியிலிருந்தவன் தேடவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் ‘வந்த ஊர்’ அணியின் பக்கம் நின்று பேச வேண்டியவன். ஒலிவாங்கியைப் பிடித்தான்.

“நடுவர் அவர்களே! சொந்த ஊரில்தான் நிம்மதி என்று வாதாட ஒரு சகோதரி வந்திருக்கிறார். எங்கிருந்து? நெல்லையிலிருந்து! ஆற்றை விட்டார், அல்வாவை விட்டார், விடிய விடிய வண்டியில் குலுங்கினார், எங்கள் ஊர்க் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். நிம்மதி அங்கே இருக்கிறது என்றால், அம்மணிக்கு இங்கே என்ன வேலை? கேட்டுச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே!”

கூட்டம் சீழ்க்கை அடித்தது. சிப்பிக் கடைக்காரர் ஒருவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். லோக்கல் பேச்சாளர் ஒருவருக்கு அப்படி ஒரு வரவேற்பு கிடைத்து நான் பார்த்ததில்லை. அதுவும் என் தயவில். அவன் தன் இடத்துக்குப் போகும்போது என் பக்கம் குனிந்து, “பதில் சொல்லு பாப்போம், அல்வா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

நடுவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “நெல்லைப் பொண்ணு பதில் சொல்லியே ஆகணும்!” என்று மணியைத் தட்டி என்னை அழைத்தார்.

என்னிடம் ஒரு பதில் இருந்தது. பிழைப்புக்காக வந்தேன், மனம் அங்கேதான் இருக்கிறது என்று உருகலாம். உருகினால் குழுவில் இருக்கை உறுதி. ஆனால் அது நொண்டிப் பதில். பிழைப்பு தருவது வந்த ஊர்தான் என்று நானே எதிரணிக்கு எழுதிக் கொடுத்தது போலாகும்; எனக்கு அடுத்துப் பேசுகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு என்னை நாராகக் கிழித்துவிடுவார். இன்னொரு பதிலும் இருந்தது. அதைச் சொன்னால் அந்தக் கேள்வி இருந்த இடம் தெரியாமல் போகும். கூடவே என் இருக்கையும் போகும். நான் உத்தமி என்பதற்காக இரண்டாவதை எடுக்கவில்லை. எப்போதும் எனக்குப் பின்னால் பரிசு வாங்கியவன் முன்னால் நொண்டிப் பதிலோடு நிற்க என்னால் இயலாது. அவ்வளவுதான்.

“நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. சொந்த ஊரை விட்டு ஏன் வந்தாய் என்கிறார். நான் எங்கும் வரவில்லை. வேன் வந்தது, நீங்கள் வந்தீர்கள், உங்கள் அறிமுகம் நெடுந்தொலைவிலிருந்து வந்தது. நான் செய்யூர்க்காரி. இந்தக் கடலோரச் சாலையில் வண்டியை மிதித்தால் வீட்டில் உலை கொதிக்கும் முன்னால் போய்ச் சேருவேன். என் சொந்த ஊரில், என் சொந்த மண்ணில் நின்றுகொண்டுதான் பேசுகிறேன். என் முகத்தைப் பாருங்கள், எவ்வளவு நிம்மதி! நிம்மதி இல்லாமல் தவிப்பவர் யாரென்று தெரிய வேண்டுமா? நடுவர் முகத்தைப் பாருங்கள்!”

கூட்டம் நடுவர் பக்கம் திரும்பியது. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

“அதான பாத்தேன்! எம் பொண்ணுதான்யா அது! நான் இம்மாந்நேரம் திருநெல்வேலிக்காரியத் தேடிகினு கீறேன்!”

அதன்பின் அரங்கம் அரங்கமாக இல்லை. ஓரத்து நாற்காலிக்காரன்கூட எழுந்து நின்று தட்டினான்; என்ன இருந்தாலும் அவனும் மேடைக்காரன், விழுந்த அடியின் அழகு அவனுக்குத் தெரியும்.

நடுவர் ஏன் நடுவராக இருக்கிறார் என்பதையும் அன்று பார்த்தேன். முகத்தில் ஈயாடாமல் நின்றவர், கைதட்டல் தணிவதற்குள் ஒலிவாங்கியைப் பற்றி, “பாத்தீங்களா? எப்படி ஒளிச்சு வச்சிருந்து எடுத்து விட்டேன்!” என்றார். அதற்கும் ஒரு பெரிய கைதட்டல். சொந்த ஊர் வேர், வந்த ஊர் கிளை, மரத்துக்கு இரண்டும் வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னார். எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற மரம் அது.

விழா முடிந்து குழுவினர் வேனில் ஏறினார்கள். நானும் போனேன். நடுவர் கதவைப் பாதி மூடிக்கொண்டு, மிகக் கனிவாகச் சொன்னார்:

“நீ லோக்கல்தானம்மா, போயிருவேல்ல?”

வேன் போய்விட்டது. அப்பா வண்டியைக் கிளப்பினார். கல்பாக்கம் தாண்டும்வரை அவருக்கு ஆறவே இல்லை.

“திருநெல்வேலில நமக்கு யாரு கீறா? இன்னாத்துக்கு அந்த ஆளு அப்டிச் சொன்னான்?”

விளக்கினேன். வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

“இன்னா பேஜாரு இது! நான் போயி லோக்கலுன்னு சொன்னாத்தான் வேலைக்கு எடுக்குறான். நீ லோக்கலுன்னு சொன்னா எறக்கி வுடுறான். ஒரே வூட்ல ரெண்டு பேரு எப்டித்தான் பொழைக்கிறது?”

சில வாரங்கள் கழித்து நடுவர் மீண்டும் அழைத்தார். மனம் மாறிவிட்டதாக நினைத்தேன்; மாறியிருந்தது, வேறு மாதிரி. அன்றைய காட்சி அவருக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டதாம். குழுவில் நிரந்தர இடம் தருகிறார். ஒவ்வோர் ஊரிலும் என்னை நெல்லைக்காரி என்று அறிமுகம் செய்வார். நான் எழுந்து, ‘இல்லை, இந்த ஊர்தான் என் ஊர்’ என்று சொல்லி அதே போல அதிர வைக்க வேண்டும்.

“விழுப்புரத்தில்?”

“விழுப்புரத்துக்காரின்னு சொல்லு.”

“திண்டுக்கல்லில்?”

“திண்டுக்கல்லுக்காரி. இதுல என்னம்மா கஷ்டம்?”

“ஐயா, செங்கல்பட்டு மாவட்டம், செய்யூர் என்று சொல்லி ஒருமுறை அறிமுகம் செய்து பாருங்களேன். எல்லா ஊருக்கும் வருகிறேன்.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “செய்யூர்னு சொன்னா எவன்மா கை தட்டுவான்?”

“பேசிய பிறகு தட்டுவார்கள்.”

“அது வரைக்கும்?”

அவருடைய கவலையும் கவலைதான். நான் வரவில்லை என்றேன். யோசித்துச் சொல் என்றார். யோசித்தேன், சொல்லவில்லை.

இப்போது அந்த இருக்கையில் மாமல்லபுரத்துக்காரன் உட்கார்ந்திருக்கிறான். குமரி முனையின் கடல் முழக்கம் என்று சுவரொட்டியில் அவன் படம். போன வாரம் என்னைக் கைப்பேசியில் அழைத்தான்.

“எப்டி கீது குமரி?” என்று கேட்டேன்.

“எனுக்கு இன்னா தெரியும்? அங்கயும் கடலு, இங்கயும் கடலு. அலையப் பத்தி நாலு வரி பேசுனா முடிஞ்சுது மேட்டரு. நீ இன்னா, இன்னும் ஓரத்துலயே கீறியா?”

“கீறேன்.”

“வர்ற மாசம் செங்கல்பட்டுல புரோகிராமு. லோக்கலுக்கு உன்னத்தான் போடச் சொல்லிகீறேன். எனக்கு எதிர்ப் பக்கம் நீ. மொதல்ல நீ பேசுவ, அப்புறம் நான் வந்து உன்னைக் கிழிப்பேன். வருவ இல்ல?”

வருவேன் என்றேன். நூலகத்திலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றி இரண்டு நூல்கள் எடுத்து வந்திருக்கிறேன். அங்கே எந்த அணை எந்த ஆற்றில் இருக்கிறது, எந்த மாதத்தில் எந்த மீன் கிடைக்கும், நாகர்கோவிலிலிருந்து எந்த ஊருக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நாள்தோறும் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் எத்தனை கேள்விகள் கேட்க முடியும் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது.